பதினொரு மணி அம்புகள்

நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஒன்றில், யார் எங்கே நடந்தாலும் அலுவலகச் சுவர் அதை உடனே அம்புக்குறி போட்ட பாய்வுப்படமாக வரைந்துவிடும். தேவையில்லாத அம்புகளை அழிப்பது மேலாளர் ரெஜினாவின் வேலை.

அன்று இரண்டு அம்புகள் சிவப்பாக மின்னின. லேபில் வேலை செய்யும் ஜெபசிங் தினமும் பதினொரு மணிக்கு லிப்டில் மூன்றாம் மாடி மருந்தகத்துக்குப் போய், வெறுங்கையோடு திரும்புகிறான். அதே நேரத்தில் மருந்தகத்து அனிஷா படியிறங்கி, லேப் வாசல்வரை வந்து திரும்புகிறாள்.

ரெஜினா அவனைக் கூப்பிட்டாள். "மருந்தகத்துல உனக்கு என்ன வேலை மக்கா?"

அவன் தலைகுனிந்தான். "அனிஷாவப் பாக்கத்தான் மேடம். ஆறு மாசமாப் போறேன், ஒருநாளும் சீட்ல இல்ல. என்னைக் கண்டு ஒளியுறான்னு நெனச்சு, மதுரைக்கு மாத்தல் எழுதிக் குடுத்துட்டேன்."

ரெஜினா சுவரைக் காட்டினாள். இரண்டாவது அம்பை அவன் விரலால் தொட்டுக்கொண்டே போனான். விரல் அவனுடைய லேப் வாசலில் வந்து நின்றது.

"மணி பதினொண்ணு ஆச்சு. லிப்ட் வேண்டாம், படியில போ!" என்று கத்தினாள் ரெஜினா.

அவன் ஓடினான். பாதிப் படியில் அனிஷா எதிரே வந்தாள். அவன் மூச்சுவாங்கச் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"இத்தன நாளும் நீங்க மேலயா வந்திய?"