தூணுக்குப் பின்னால்

“உன் கையில கட்டி முளைக்க! இந்த வருஷமும் படத்தை அணைச்சிட்டியேடா ஜெரார்தோ!”

நுன்சியா அத்தை போட்ட சத்தத்தில் சர்ச் ஹாலே அதிர்ந்தது.

வருஷா வருஷம் ஊர்த் திருவிழாவன்று, மதியச் சாப்பாடு முடிந்ததும், அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோரும் பார்க்கும் பழைய படம் அது. நிலத்தை விற்றுவிட்டு வடக்கே பிழைக்கப் போகும் ஒரு குடும்பத்தின் கதை. எடுத்ததே இந்த ஊரில்தான். ஸ்டேஷன் கூட்டத்தில் அத்தையின் புருஷன், காலஞ்சென்ற பஸ்குவாலேயும் நிற்கிறாராம்.

ஆனால் ரயில் ஊதியதும், ஜெரார்தோ ஓட்டும் மெஷினில் பல்பு அணைந்து திரை இருட்டாகிவிடும். வெளிச்சம் வரும்போது ரயில் ஊரைத் தாண்டியிருக்கும்.

“போட்டோவுல மனுஷன் உம்முனு இருக்காரு. இதுலயாவது அசையறதைப் பார்க்கலாம்னா, கொடுத்து வைக்கலையே!” என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

“விடு நுன்சியா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று பக்கத்து நாற்காலி மஃபால்தா முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருவரும் சீட்டாட்ட ஜோடி.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இளம்பெண் தொனாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. வாயில்லாப் பூச்சி என்று பெயர் எடுத்தவள், இடுப்புக் குழந்தையோடு மாடி மெஷின் ரூமுக்கு ஏறிவிட்டாள்.

“ஏன் அண்ணே, வயசான மனுஷி ஆசையா கேக்குது. ஒரு பல்பு மாத்தக்கூடவா துப்பில்லை?”

ஜெரார்தோ சட்டைப் பையிலிருந்து பல்பை எடுத்துக் காட்டினார். நல்ல பல்பு.

“நான்தாம்மா கழட்டினேன். இங்க வா, இந்தச் சுருளைப் பாரு.”

அவர் வெளிச்சத்தில் பிடித்த ஃபிலிமை, தொனாத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஸ்டேஷன். கூட்டம். ஒரு தூணுக்குப் பின்னால் பஸ்குவாலே. அவர் கைக்குள் ஒரு பெண்.

“ஐயோ, இது மஃபால்தா அத்தை!”

“வழியனுப்பறவங்க கட்டிப் பிடிச்சு அழுங்கன்னு டைரக்டர் சொன்னாரு. தூணுக்குப் பின்னாடி நின்னா கேமராவுக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டான் பஸ்குவாலே, மடையன். அந்தத் தூணுக்கு அந்தப் பக்கமும் ஒரு கேமரா இருந்திருக்கு! நான் திட்டு வாங்கினா பரவாயில்லை. கிழவி நிம்மதியா இருக்கட்டும்.”

தொனாத்தா தலையைக் குனிந்தபடி இறங்கி வந்தாள்.

“பல்பு... பல்பு போயிடுச்சாம் அத்தை.”

மஃபால்தா எலுமிச்சைச் சாறு வாங்க எழுந்து போயிருந்தாள். அத்தை ஒரு பை அத்திப்பழத்தைத் தொனாத்தாவின் கையில் திணித்தாள்.

“இதை ஜெரார்தோகிட்ட கொடுத்துடு. பாவம், எனக்காக எவ்வளவு திட்டு வாங்கறான்!”

“அத்தை! அப்போ உங்களுக்கு...”

“படம் வந்த வாரமே டவுனுக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டேன்டி. நாலு தடவை. வீட்டுக்கு வந்து அவருக்கு ஒரு மாசம் சோறு போடலை.”

“அப்புறம் ஏன் இப்படிக் கத்தறீங்க?”

“மெதுவா பேசு, அவ வர்றா. நான் கத்தலேன்னா எனக்குத் தெரியும்னு மஃபால்தாவுக்குத் தெரிஞ்சிடும். நாப்பது வருஷமா பயந்துக்கிட்டே பக்கத்துல உக்காந்திருக்கா, பாவம்” என்ற அத்தை, மாடியைப் பார்த்து மறுபடி குரலை உயர்த்தினாள். “உருப்படுவியாடா ஜெரார்தோ!”