பதினான்கு கையெழுத்து

“உங்களை யாரும் தப்பா சொல்லல தம்பி” என்றபடி, காப்பகப் பொறுப்பாளர் அம்மா அந்தத் தாளை மேசைமேல் அவன் பக்கமாகத் தள்ளினார்.

கையெழுத்துகள் இருந்த கீழ்ப்பாதியை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

அவன் மேல்பாதியைப் படித்தான்.

ஆண் பணியாளர் குழந்தைகளுக்கு டயபர் மாற்றக் கூடாது. கழிப்பறைக்கு அழைத்துப் போகக் கூடாது. மதியம் குழந்தைகள் தூங்கும் அறைக்குள் நுழையக் கூடாது. இப்படிக்கு, பதினான்கு பெற்றோர்.

அந்தக் காப்பகத்தில் ஆண் பணியாளர் என்று இருந்தது அவன் ஒருவன்தான். பேரைப் போட்டே எழுதியிருக்கலாம்.



வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். கிடங்கை மூடினார்கள். காவலாளி வேலை கிடைத்தது, வேண்டாம் என்றான். சாப்பாட்டுப் பொட்டலம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை இரண்டு மாதம் பார்த்துவிட்டு விட்டான். பிறகு, முப்பத்தைந்து வயதில் மழலையர் பராமரிப்புப் படிப்பில் போய் உட்கார்ந்தான். வகுப்பில் இருபத்தேழு பெண்கள், அவன் ஒருத்தன். முதல் நாள், குழாய் ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்து ஒரு பெண் ஒழுகுகிற குழாயைக் காட்டினாள். அவனும் மறுபேச்சுப் பேசாமல் போய் வாஷரை மாற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

“தப்பா சொல்லலன்னா, இதுக்குப் பேரு என்ன மேடம்?”

பொறுப்பாளர் அம்மா மென்று விழுங்கினார். காப்பக வேனுக்கு ஓட்டுநர் தேவைப்படுகிறதாம். அவனுக்குத்தான் வண்டி ஓட்டிப் பழக்கம் இருக்கிறதே. சம்பளத்தில் கைவைக்க மாட்டார்களாம். அதுவும் குழந்தைகளோடு இருக்கிற வேலைதானே என்று கடைசியில் ஒரு சிரிப்பு வேறு.

அந்தச் சிரிப்புதான் அவனை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

ஒரு வருடம் கண்விழித்துப் படித்தது எதற்கு? தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் கைக்குழந்தையை முன்கையில் கவிழ்த்து முதுகில் எங்கே தட்ட வேண்டும் என்று பொம்மையை வைத்துக்கொண்டு பழகினானே, அது எதற்கு? நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கக் காவல் நிலையத்துக்கு மூன்று தடவை அலைந்து, மூன்று தடவையும் அங்கே இருந்தவர்களின் இளிப்பைச் சகித்துக்கொண்டானே, அது எதற்கு? அந்த இருபத்தேழு பேரில் ஒருத்தியிடமாவது இப்படி ஒரு தாளை நீட்டுவார்களா?

கத்தித் தீர்த்தான். பொறுப்பாளர் அம்மா கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, மெதுவாக என்று கையைத் தாழ்த்திக் காட்டினார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் தூங்கும் அறை. மற்ற பிள்ளைகளெல்லாம் மெத்தைகளில் சுருண்டு கிடக்க, ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் வீறிட்டுக்கொண்டிருந்தது. “மா... மா...” என்று தேம்பித் தேம்பி. பணியாளர்கள் இருவர் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார்கள். அம்மாவைத் தேடுகிறாள் என்று ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள்.

அவன் மேசைமேல் குனிந்து, அந்த உள்ளங்கைக்கு அடியிலிருந்து தாளை வெடுக்கென்று உருவினான்.

பதினான்கும் வரிசையாக இருந்தன. மூன்றாவதில் போய் அவன் கண் நின்றது. அதற்குக் கீழே அவன் படிக்கவே இல்லை.

தாளைத் திரும்ப மேசைமேல் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தூங்கும் அறைக்குள் போனான்.

குழந்தையைக் கேட்டு வாங்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டான். பிடரியில் இரண்டு விரலால் மேலிருந்து கீழாக நீவினான். அவளுக்கு அப்படித்தான் தூக்கம் வரும். தட்டினால் வராது, ஆட்டினால் வராது. வந்த முதல் நாளே இவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று மற்றவர்கள் வியந்ததுண்டு.

தேம்பல் விக்கலாகி, விக்கல் மூச்சாகியது. விரல்கள் பூப்போல நீவின. தாடை மட்டும் கல்லாய் இறுகிக் கிடந்தது.

பின்னாலேயே ஓடிவந்த பொறுப்பாளர் அம்மா வாசற்படியில் நின்று கிசுகிசுத்தார்.

“இந்தப் பாப்பாவோட அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்காங்க தம்பி. மூணாவதா இருக்கு பாருங்க. இப்ப நான் அவங்களுக்கு ஃபோன் பண்ணியாகணும்.”

“பண்ணுங்க மேடம்.” அவன் குரலை உயர்த்தவில்லை. “சிபாரிசுல வந்தவன்னு பேசுவாங்கன்னுதான் இத்தனை நாளா வெளிய சொல்லல. அவ எங்க அக்கா. கண்ட வேலைக்கும் போகாதடா, குழந்தைங்க உன்கிட்டதான் ஒட்டுதுங்கன்னு, என்னை இந்தப் படிப்புல சேத்துவிட்டதே அவதான்.”

பொறுப்பாளர் அம்மாவின் விரல் ஃபோன்மேல் அப்படியே நின்றது.

“பண்ணுங்க. மாமா, மாமான்னு அழுத பாப்பா தூங்கிட்டான்னு சொல்லுங்க. யார் தோள்லன்னும் சொல்லுங்க.”