வாலைக் கட்டிய பல்லி

அந்தத் தானியக் கிடங்கில் ஆளுநர் மேலிடத்து நியமனமாக வந்து இறங்குவதில்லை, தேர்தலில்தான் வருவார். இம்முறை பெருச்சாளியும் ஓணானும் நின்றார்கள். எறும்பு ஒரு பந்தயச் சந்தை திறந்தது: யார் ஜெயிப்பாரோ, அவர் பேரில் அரிசி கட்டலாம். பெருச்சாளியின் பேரில்தான் குவிந்தது.

ஏழு தலைமுறையாகப் பலன் சொல்லும் பல்லிக்குப் பொறுக்குமா?

"அரிசிக்கு என்னடி அரசியல் தெரியும்? ஓணான்தான் ஜெயிப்பான். என் வாலையே கட்டுறேன்!"

"தோத்தா போயிடுமே, அண்ணே!"

"போகட்டும். எங்க குலத்துக்குச் சொல்தான் பெரிசு."

பெருச்சாளி ஜெயித்தது. பல்லி நெஞ்சை நிமிர்த்தி வந்து, வாலை உதறிக் கொடுத்தது. கிடங்கே அசந்து நின்றது.

அடுத்த தேர்தலுக்கும் பல்லி முதல் ஆளாக வந்தது. "என் வாலையே கட்டுறேன்!"

எறும்பு அந்தப் புது வாலைப் பார்த்தது. "இந்தத் தடவை அரிசியாக் கட்டுங்க, அண்ணே."

"அரிசியா?" பல்லி பதறியது. "அது முளைக்காதேடி!"