இரண்டாம் பக்கத்தில் ஒரு ‘தொம்’

"போன கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் இங்க வர்றேன். லாஸ்லெஸ்னு சொன்னா ஒரு துளி குறையவும் கூடாது, கூடவும் கூடாது."

பெரியவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் கடை அது. அவர் கொண்டுவந்தது, இளவயதில் நண்பர்களோடு சேர்ந்து சொந்தக் காசில் போட்ட இண்டி ராக் ஆல்பம். இன்றைக்கும் அதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. டிரம்ஸ் வாசித்தது அவர்தான்.

"நம்ம பொண்ணுதான் சார் மாத்தினா. நிம்மதியா கேளுங்க," என்ற முதலாளி, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்ணின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது சொதப்பியிருந்தே, நாளைலேருந்து வராதே."

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டாம் பக்கம் ஓடும்போது, தட்டு சுழலும் மேசையின் இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடியிருந்தாள். முள் அந்தத் ‘தொம்’ அதிர்வையும் வாங்கியிருக்கும். அவசரத்தில் கேட்டுப் பார்க்கவில்லை.

வீட்டில் முதல் பட்டதாரி. வேலை கிடைத்ததை அப்பா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

'டிரம்ஸ் சத்தத்தோட சத்தமா போயிடணும்' என்று வேண்டிக்கொண்டாள். ஆனால் கேட்பதே டிரம்ஸ் அடித்தவர்.

முதல் பக்கம் முழுக்கப் பெரியவரின் விரல் மேசையில் தாளம் போட்டது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டுக்கு விரல் சும்மா இருந்தது. திடீரென்று புருவம் சுருங்கியது. பின்னுக்கு நகர்த்தி மறுபடி கேட்டார்.

"என்ன சார், ஏதாவது சத்தமா?" முதலாளி எழுந்துவிட்டார்.

"சார், அது வந்து... நான்..." அவள் ஆரம்பித்தாள்.

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என் தப்புதான்," என்றார் முதலாளியிடம். "இந்த இடத்துல அவசரப்பட்டு முந்தி அடிச்சிருக்கேன். இத்தனை வருஷம் காதுல விழலை. லாஸ்லெஸ்ல மானம் போகுது."

முதலாளி சிரித்தார். "அப்ப எங்க வேலை சுத்தம்னு சொல்லுங்க."

"சுத்தம். தட்டு இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு வந்து எல்லாத்தையும் சேர்த்து வாங்கிக்கிறேன்."

முதலாளி பில் போட உள்ளே போனார். பெரியவர் ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை மாத்தி வைம்மா. அதுல டிரம்ஸே கிடையாது."