முதுகில் ஒரு கேன்

அலுவலகத்தில் அரைநாள் வேலை போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வருடமாக இந்தக் கிணற்றில் நீச்சல் பழகுகிறேன். மிதப்பதற்காக முதுகில் காலி எண்ணெய்க் கேன் ஒன்றைக் கட்டிக்கொள்வேன். இன்றோடு அந்த வருடம் முடிகிறது. நடுக்கிணற்றில் இருந்தபடி, படியில் உட்கார்ந்திருந்த மனைவி பூங்கோதையிடம் கத்தினேன்.

“நாப்பத்தாறு வயசுல என்னத்த கத்துக்கிட்டேன்? இந்தக் கேன் இல்லாட்டி முங்கிடுவேன். நாளைக்கே பழையபடி முழுநாள் வேலைக்குப் போறேன்.”

அவள் படியிலிருந்து எழுந்தாள்.

“கேன் ஆடி மாசமே ஓட்டையாயிடுச்சுங்க. நீங்க கரையேறுனதும் தினமும் நான்தான் தண்ணிய வடிச்சு வைக்கிறேன்.”

பின்னால் கைவிட்டுத் தட்டினேன். காலிக் கேனின் சத்தம் இல்லை. அதுவரை தானாக உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டன.

“உதைங்க!” என்று அலறியபடி அவள் கடைசிப் படிக்கு இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.