சும்மாதான் மிஸ்

“சும்மாதான் மிஸ்.”

மறுபடியும் அதே பதில். புவியியல் ஆசிரியை பாதிச் சாப்பாட்டிலேயே டப்பாவை மூடினார்.

மதிய இடைவேளை. பிள்ளைகள் எல்லாரும் மைதானத்தில். வழக்கம்போல் டிபன் டப்பாவோடு வகுப்பறையிலேயே தங்கிவிட்ட மிஸ்ஸுக்கு எதிரே, முதல் பெஞ்சில் அந்தப் பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பேர். காலையில் ஆரம்பித்தால் கடைசி மணி வரைக்கும் ஓயாத வாய். அந்த வாயே இன்று மூடிக் கிடக்கிறது என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

இது இன்றைக்கு ஆரம்பித்ததும் இல்லை. குழந்தைகளின் மனநலம் பற்றி ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து மிஸ்ஸும் பார்க்கிறார். தினம் ஒரு பிள்ளை, சாப்பிட்ட கையோடு விளையாடப் போகாமல் இப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்று ஒரு கணக்குப்புலி. அதற்கு முந்தின நாள், பந்து என்றால் சோறு தண்ணி மறக்கும் கோல்கீப்பர். ஏன் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில், சும்மா. யாராவது இவர்களை மிரட்டுகிறார்களா? வெளியே போகவே பயப்படுகிற மாதிரி மைதானத்தில் என்னதான் நடக்கிறது? இன்று ஒரு பிள்ளையாவது வாயைத் திறக்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது என்று மிஸ்ஸுக்குத் தோன்றியது.

பயிற்சி கொடுத்த அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “பிள்ளைங்க ‘சும்மா’ன்னு சொன்னா அது சும்மா இல்ல. உடனே அடுத்த கேள்வியத் தூக்கிக்கிட்டு ஓடாதீங்க. பக்கத்துல உக்காருங்க. நீங்களும் சும்மா இருங்க. இருக்கறதுலயே கஷ்டமான வேலை அதுதான்.”

மிஸ் எழுந்து போய் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சும்மா இருந்தார்.

ஜன்னல் வழியே வந்த வெயில் பெஞ்சுகளின் மேல் நீளமாகப் படுத்திருந்தது. அதற்குள் சாக்பீஸ் தூள் மிதந்தது. விழவும் இல்லை, எழவும் இல்லை. மைதானத்துச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் மங்கலாக வந்தது. ரேடியோ மேஜைமேல் இருந்த உலக உருண்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் மெல்லத் தள்ளினாள். நாடுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோய், நீலம் மட்டும் சுற்றியது. பார்க்கப் பார்க்க மிஸ்ஸுக்குக் கண் செருகியது. எங்கே இருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

“வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“நல்லாதான் இருக்காங்க மிஸ்.”

“நீ?”

“நானும் நல்லாதான் இருக்கேன்.”

‘நல்லாதான்’ என்பது ‘சும்மா’வுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அதையும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஐயோ, கேள்வி கேட்டுத் தொலைத்தோமே என்று மிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இனி ஒரே வழிதான். பிள்ளை பேசாவிட்டால் நம் கதையில் கொஞ்சம் கிள்ளி முதலில் நாம் நீட்ட வேண்டுமாம்.

“சின்ன வயசுல நானும் என் தங்கச்சியும் இந்த உருண்டைய வெச்சு ஒரு விளையாட்டு விளையாடுவோம்,” என்றார். “கண்ண மூடிக்கிட்டு சுத்தி விடணும். விரல் எங்க படுதோ, வளந்ததும் ரெண்டு பேரும் அங்க குடி போயிடணும்.”

ரேடியோ உருண்டையை இன்னொரு தடவை சுற்றிவிட்டாள்.

“அவளுக்கு எப்பப் பாத்தாலும் கடல்லதான் விரல் விழும். ‘கடல்ல எப்டிடி குடித்தனம் பண்றது?’ன்னு நான் திட்டுவேன். ‘நீ சமைச்சுப் போடுக்கா, மீனு நான் புடிக்கறேன்’னு சிரிப்பா. அவ சிரிச்சா தெருமுனை வரைக்கும் கேக்கும்.”

கிள்ளித்தான் கொடுக்க நினைத்தார். அது கையை விட்டுக் கொட்டிவிட்டது.

“போன லீவுலதான்... காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வரப்ப நான் மட்டும்தான் வந்தேன். என்னை விட்டுட்டு அவ எங்கயோ தனியா குடி போயிட்டா. இப்ப ஸ்டாஃப் ரூம்ல யாராவது சத்தமா சிரிச்சாக்கூட தாங்க முடியல. யார்கிட்டயும் வாயத் திறக்கல. சொல்லி என்ன ஆகப்போவுதுன்னு...”

மிஸ் அழுதார். ஒரு சின்னக் கை அவர் கைமேல் வந்து படிந்தது. அசையாமல் அங்கேயே இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்கு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

மணி அடித்தது. மிஸ் பதறிப்போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல கூத்து! பிள்ளையைப் பேச வைக்கச் சொன்னால், பிள்ளையிடம் போய் ஒப்பாரி வைத்திருக்கிறோமே. பயிற்சி கொடுத்த அம்மாள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

“உன்னைப் பேச வெக்கணும்னுதாம்மா உக்காந்தேன். கடைசில பாரு...”

“பரவால்ல மிஸ்.” ரேடியோ உருண்டையைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தாள். “தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்.”

அவள் வெளியே போனாள். மிஸ்ஸுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. நாளைக்கும் ஒரு பிள்ளை இப்படித்தான் வந்து உட்காரப் போகிறது, அதனிடமிருந்தும் ஒரு வார்த்தை வாங்கத் தனக்குத் துப்பு இருக்காது.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கும்பலே காத்திருந்தது போலிருக்கிறது. கிசுகிசுப்பு கேட்டது.

“என்னடி, இன்னிக்காவது எதாவது சொன்னாங்களா?”

“சொன்னாங்க. அழக்கூட அழுதாங்க,” என்றது ரேடியோவின் குரல். “நாளைக்கு யாரு முறை? யாரா இருந்தாலும் சரி, மிஸ்ஸத் தனியா மட்டும் விட்டுடாதீங்க.”