இசபெல்லின் மன்றாட்டு

கோயில் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பிய ஜெபக் கூட்டம் இன்று தெருக்காரர் ஜஸ்டஸ் வீட்டு முன்னறையில் நடக்கிறது. ஜன்னல் வழியே கடலிரைச்சலும் மாலை வெயிலும் வர, மின்விசிறிக் காற்றில் மெழுகுவர்த்திச் சுடர் சாய்ந்து சாய்ந்து எழுகிறது. ஒவ்வொருவராக மன்றாட்டுச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். இசபெல்லின் அம்மாவின் முறை வருகிறது. "எம் மவ இசபெல்லுக்கு நீர்க்கட்டி, ஆண்டவரே. நாலு மாசமா பீரியட்ஸ் வரல்ல. தாடையில முடி வேற மொளைக்கு." இசபெல்லின் கை தானாக முகவாயை மூடுகிறது. பதில் ஓயும் முன்பே வைத்தியம் கிளம்பிவிடுகிறது. "மலைவேம்பு எலய இடிச்சுக் குடு." "கெழங்கு தின்னாம இருந்தாலே மதி, வேற மருந்தே வேண்டாம்." நாலு மாதமாக அவள் கிழங்கைத் தொடவில்லை. இரண்டு வேளையும் மாத்திரை விழுங்கி, குமட்டலை அடக்கிக்கொண்டு, விடியுமுன் கடற்கரையில் நடக்கிறாள். அம்மா ஒருத்திக்குத்தான் அது தெரியும். வரும் ஞாயிறு இசபெல்லைப் பெண் பார்க்க வருவதாக இருந்த ரெனிஷின் அம்மா, ஜெபமாலை உருட்டுவதை நிறுத்திவிட்டு முகவாயை மூடிய அந்தக் கையையே பார்க்கிறாள். அடுத்தது இசபெல். காது மடல் கொதிக்கிறது. குரல் மட்டும் கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல் தெளிவாக வருகிறது. "மகளின் உடம்பை ஊருக்கெல்லாம் விளம்பும் என் தாய்க்கு வாயடக்கம் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்." பழக்கதோஷம், யாரும் யோசிப்பதில்லை. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்கிறது அறை முழுவதும். எல்லாருக்கும் முந்தி, ஓங்கி ஒலிப்பது அம்மாவின் குரல்.